நீல முக்காடு, பழுப்பு முக்காடு

அன்புள்ள சாச்சி,

இன்று பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி லிஃப்டுக்குள் நுழைந்தபோது உள்ளே பகூர் வாசம் நிறைந்திருந்தது. எங்கள் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் ஓமான் குடும்பம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வாசனைக் கட்டையைக் கனலில் போட்டுப் புகைக்கிறது. லிஃப்டில் அவர்கள் யாரும் இல்லை. யாரோ சற்று முன்புதான் இறங்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள் உடுப்பிலிருந்து கழன்ற வாசம் மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் மாடி வந்தது, கதவு திறந்தது, நான் இறங்கவில்லை. உச்சி வரை போய் மறுபடியும் கீழே வந்தேன்.

"கியா ஹுவா பேட்டி? லிஃப்ட் கராப்?" என்று காவலாளி பாய் கேட்டார்.

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு பாய்" என்றேன் தமிழில். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். காயல்பட்டினத்தில் பள்ளிப்படிப்பு, சென்னையில் கல்லூரி, அங்கேயே கொஞ்ச நாள் வேலை, பிறகு இங்கே வளைகுடாவில் ஓர் ஆய்வகத்தில் வேலை. உம்மாவின் தங்கை வேறு எங்கே தங்குவது? தேராவில் எங்கள் ஃபிளாட்டில்தான் என்று வாப்பா முடிவு செய்து, என் அறையில் இரண்டாவது கட்டிலைப் போட்டுவிட்டார். "புத்தகத்த ஓரமா தள்ளுளா, நான் எங்க படுக்குறது?" என்பதுதான் நீங்கள் அந்த அறையில் பேசிய முதல் வாக்கியம். நான் தள்ளவில்லை. இரண்டு நாளில் உங்கள் புத்தகங்களும் என் புத்தகங்களும் கலந்துவிட்டன.

உங்களுக்கு எவ்வளவோ தெரியும். ஆனால் விளக்கிச் சொல்ல மட்டும் வராது. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

"உங்களுக்கு லேப்ல என்ன வேலை சாச்சி?"

"செல்லுல ஒரு புரதம் எவ்வளவு இருக்குன்னு அளக்குறது."

"எப்படி அளப்பீங்க?"

"பிசிஆர் பண்ணுவோம்."

"பிசிஆர்ல டி.என்.ஏ.தானே பெருகும்? புரதம் எப்படிப் பெருகும்? புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

"பெருகாதுளா. அதுக்குத்தான் ஆன்டிபாடி. ஆன்டிபாடிக்கு வால் இருக்கும். வால்தான் பெருகும்."

அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார். "பிசிஆர்னா அது கொரோனாவுக்கு மூக்குல குச்சி விடுறதுதானே? இவ வேலை பாக்குற எடத்துல கொரோனாவாளா?"

நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதைப் புரிய வைத்தது வாப்பாவின் பிறைப் பைத்தியம். எங்கள் ஊரில் பிறை பார்ப்பது எவ்வளவு பெரிய விவகாரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அரசாங்கம் அறிவித்து முடித்த பிறகும் வாப்பா ஊருக்குப் போன் போட்டு விசாரணை நடத்துவார். "யாரு பார்த்தா? கூட யாரு நின்னா? ரெண்டு பேரும் ஒரே எடத்தையா காட்டுனாங்க? கொம்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?" ஒருவர் மட்டும் பார்த்தேன் என்றால் வாப்பாவுக்குப் போதாது. இரண்டு பேர், ஒரே பிறையை, ஒரே இடத்தில் பார்த்திருக்க வேண்டும். அப்படியொரு விசாரணையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது.

"சாச்சி, உங்க ஆன்டிபாடி ரெண்டும் பிறைச் சாட்சி மாதிரியா?"

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏளா! இதச் சொல்லத் தெரியாமத்தான் நான் இத்தனை நாளா முழிக்கிறேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்து உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டாலும், "இவகிட்டக் கேளுங்க" என்று என்னைக் காட்டிவிடுவீர்கள். நானும் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்வேன். இரண்டு ஆன்டிபாடிகள். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சின்ன டி.என்.ஏ. இழை. இரண்டும் ஒரே புரதத்தின் மேல் வந்து உட்கார்ந்தால் வால்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஒட்டும் நொதி அவற்றை ஒரே இழையாக்கும். அப்படி ஒட்டிய இழையைத்தான் பிசிஆர் பிரதி எடுக்கும். தனியாக உட்கார்ந்த சாட்சி எவ்வளவு கத்தினாலும் கணக்கில் வராது. பிரதிகள் பெருகப் பெருகக் கருவியில் வெளிச்சம் தெரியும். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, செல்லில் புரதம் அவ்வளவு அதிகம்.

இதையெல்லாம் கலக்கும் குழித்தட்டில் சில குழிகளில் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு, செல்லை மட்டும் போடாமல் விடுவீர்கள். அதற்கு வெறுங்குழி என்று நான்தான் பெயர் வைத்தேன். பிறையே இல்லாத வானம் அது. அதில் வெளிச்சம் வரவே கூடாது. வந்தாலும் கடைசியில், மங்கலாகத்தான் வர வேண்டும். "வெறுங்குழியக் கேக்காம எந்தக் குழியையும் நம்பாதே" என்பீர்கள். விளக்கத் தெரியாத நீங்கள் சொன்னதில் எனக்கு அப்படியே மனப்பாடமாகிப் போன ஒரே வாக்கியம் அதுதான்.

ஒரு வருடம் நோன்பு மாதத்தில், வெளிச்சம் வரக்கூடாத அந்த வெறுங்குழி பேசத் தொடங்கியது.

உங்கள் ஒப்பந்தம் பெருநாளோடு முடிவதாக இருந்தது. ஒரு மருந்து போட்ட செல்களில் அந்தப் புரதம் பாதியாகக் குறைகிறது என்று அந்த மாதம் எடுத்த உங்கள் அளவுகள் காட்டியிருந்தன. ஆய்வகத்தை நடத்தும் உங்கள் சார் அதை ஒரு கூட்டத்தில் பேசப்போகிறார், அது எடுபட்டால் உங்கள் வேலை நீளும் என்று சொன்னீர்கள். நீளாவிட்டால் விசா இல்லை, ஊர்தான். ஊரில் உம்மும்மா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அவரிடம் ஒரு குறையும் இல்லை, மீசை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னீர்கள். ஆனால் அவர் ஊரில் ஆய்வகம் இல்லை. எனக்கோ அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியவில்லை. நீங்கள் போனால் பக்கத்துக் கட்டில் காலியாகும் என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு நாள் நோன்பு திறந்ததும், கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "வெறுங்குழி பேசுது லாத்தா" என்றீர்கள் உம்மாவிடம்.

"ஒண்ணுமே இல்லாத குழி எப்படிளா பேசும்?" என்றார் உம்மா.

"அதத்தான் நானும் கேக்குறேன்."

வாப்பா பேரீச்சங்கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, விசாரணைக்குத் தயாரானார். "சாட்சி ஜாஸ்தியா இருக்கும். கடற்கரையில தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னா, ஒருத்தன் அதோன்னா பக்கத்துல நிக்கிறவனும் ஆமாம்பான். கூட்டத்தக் குறை."

"அது முதல்லயே செய்யுறது மச்சான். ஆன்டிபாடிய நல்லாக் குறைச்சுப் பார்த்துட்டேன்."

"அப்படியா? அப்ப வடையச் சாப்பிடு" என்று தட்டை உங்கள் பக்கம் தள்ளினார்.

நீங்கள் வடையைத் தொடவில்லை. "ஒட்டுற நொதியவே போடாம விட்டுப் பார்த்தேன். அப்பவும் வெளிச்சம் வருது."

"ஒட்டாமலே ஒட்டின இழை எங்கேருந்து வரும்?" என்றேன்.

"எங்கேயோ ஏற்கெனவே ஒட்டிப் பெருகினது வந்து விழுது. அதான் எங்கேருந்துன்னு தெரியல."

"போன வருசப் பிறைக்குச் சொன்ன சாட்சிய இந்த வருசத்துக்குக் கொண்டாந்து வைக்கிறான்" என்றார் வாப்பா. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

ஆய்வகத்தில் இரண்டு அறைகள் என்று அன்றுதான் சொன்னீர்கள். சுத்த அறையில் எல்லாவற்றையும் கலக்க வேண்டும். பிரதி அறையில்தான் பிரதிகள் பெருகிய குழாய்களைத் திறக்கலாம். திறந்தால் கண்ணுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கான பிரதிகள் காற்றில் எழும். ஆகவே சுத்த அறையிலிருந்து பிரதி அறைக்குப் போகலாம். அங்கிருந்து இங்கே வரக்கூடாது. வந்தே ஆக வேண்டுமென்றால் கோட்டு, கையுறை, காலுறை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் மாற்றினீர்கள். தண்ணீர் புதுசு, பிப்பெட் முனைகள் புதுசு, மேசையைப் பிளீச் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கை தோல் உரிந்திருந்தது. வெறுங்குழி பேசிக்கொண்டேதான் இருந்தது.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, நீங்கள் வேலை முடிந்து வந்து அப்படியே கட்டிலில் சாய்ந்தீர்கள். நான் ஒரு புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்ட உங்கள் தோளில் தலைவைத்தேன்.

"இன்னைக்கு லேப்ல பகூர் போட்டாங்களா சாச்சி?"

"லேப்ல எப்படிளா போடுவாங்க? பொம்பளைங்க தொழுகை ரூம்ல ஹிபா போட்டா. நோன்பு முழுக்க தினமும் போடுறா." ஹிபா உங்களோடு வேலை பார்த்த சூடான்காரத் தோழி.

"உங்க மேல நல்லா வாசமா இருக்கு."

"மத்தியானம் லுஹர் தொழுதது. அதுக்கப்புறம் கோட்டு மாத்தியாச்சு, கையுறை மாத்தியாச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்த நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். மெதுவாக எழுந்து உட்கார்ந்தீர்கள். உங்கள் கை தலைக்குப் போனது. முக்காட்டின் முனையை எடுத்து மூக்கருகில் வைத்து முகர்ந்தீர்கள்.

"இத மாத்தலளா."

மற்ற மாதங்களில் காலையில் சுத்த அறை, பிற்பகலில் பிரதி அறை, அதோடு வீடு. நோன்பு மாதத்தில் வேலை நேரம் குறைவு. பிரதி அறை வேலையைக் காலையிலேயே முடித்து, தொழுதுவிட்டு, பிறகு சுத்த அறைக்குப் போயிருக்கிறீர்கள். மற்றவர்கள் முடியை மூடத் தொப்பி போட்டு, அறைக்கு அறை மாற்றுவார்கள். உங்கள் முடி ஏற்கெனவே மூடியிருந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. பகூர் வந்த வழியில் பிரதிகளும் வந்திருக்கின்றன.

அடுத்த நாள் ஒரு குழாயில் வெறும் தண்ணீரை வைத்து, அதன் மேல் முக்காட்டை உதறி, பிசிஆர் கலவை சேர்த்துக் கருவியில் வைத்துப் பார்த்தீர்கள். வெளிச்சம் சீக்கிரமே வந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை.

உம்மாதான் முதலில் பயந்தார். "உன் சார்கிட்டச் சொல்லப்போறியா? முக்காட்டாலதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னா நாளைக்கு முக்காடு போட்ட பிள்ளைக்கு வேலை குடுப்பாங்களா? உன்ன விடு. அந்த ஹிபா இருக்கா, அரபிப் பிள்ளைங்க படிக்க வருதுங்க. வேற துணி மாத்திக்க, வாய மூடிக்க. இனிமே சரியா வரும்ல?"

"இனிமே சரியா வரும் லாத்தா. ஏற்கெனவே வந்தது?"

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

உம்மா அடுப்படிக்குத் திரும்பினார். பாத்திரம் கழுவும் சத்தம் அதிகமாக இருந்தது. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். உம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் நீங்கள் அன்று அவ்வளவு நேரம் ஜன்னலருகே நின்றீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வேலை போவதை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். ஒரு துணியின் மேல் பழி விழுந்து, அதைப் போட்ட எல்லோர் தலையிலும் அது விழுவதைத்தான் உங்களால் பொறுக்க முடியாது.

அடுத்த நாள் மாலை நீங்கள் வந்து நடித்துக் காட்டிய காட்சியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சாரிடம் போய், "வெறுங்குழி பேசுற காரணம் தெரிஞ்சுபோச்சு, ஆனா அதுக்கு முன்னால எல்லாருகிட்டயும் ஒண்ணு கேக்கணும்" என்றீர்களாம். அறைக்கு அறை எதை எதை மாற்றுவதில்லை என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அதை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு மேல் உதறியிருக்கிறீர்கள். உங்கள் முக்காடு, ஹிபாவின் முக்காடு, ஒருவரின் மூக்குக் கண்ணாடிக் கயிறு, எல்லோர் கழுத்திலும் தொங்கும் அடையாள அட்டையின் நாடா. சாரின் நாடாவும்.

"எது முதல்ல வந்துச்சு சொல்லு?"

"உங்க முக்காடு?"

"சாரோட நாடாளா! என் முக்காட்டுக்கு முன்னாடியே வந்துருச்சு. மனுஷன் குனிஞ்சு தன் கழுத்தையே பார்க்குறாரு." நீங்கள் கழுத்தைக் குனிந்து கண்ணை உருட்டிக் காட்டியதில் உம்மாவே சிரித்துவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் கலாஸ், முடிஞ்சுதுன்னாரு. எல்லாத் தட்டையும் தூக்கிப் போடு, முதல்லேருந்து செய்ன்னாரு. கூட்டத்துல பேசலன்னு எழுதிப் போட்டுட்டாரு."

"உங்க ஒப்பந்தம்?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அதற்கப்புறம் நோன்பு மிச்சமிருந்தவரை நீங்கள் செல்களை மறுபடி வளர்த்து, மறுபடி அளந்தீர்கள். தலைக்கு ஆய்வகத் தொப்பியை முக்காட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு, அறைக்கு அறை மாற்றினீர்கள். பெட்டியையும் பரண் மேலிருந்து இறக்கி வைத்தீர்கள். அதைத் திறக்கவில்லை. நான் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அது திறந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

பெருநாளுக்கு முந்தின மாலை. வாப்பா கூடத்தில் போனில் ஊர்ப் பிறையை விசாரித்துக்கொண்டிருந்தார். உம்மா எனக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் அன்றைய அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வெறுங்குழி வாய் மூடிவிட்டது, மருந்தால் புரதம் குறைவது உண்மைதான், ஆனால் பாதியாக இல்லை, அதைவிடக் குறைவு, கொஞ்சம்தான். "கொஞ்சமா இருந்தாலும் இருக்குறது இருக்குளா" என்றீர்கள். அப்போது உங்கள் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினீர்கள். "யெஸ் சார்... யெஸ் சார்... டூ, சார்?" என்று சொல்லி வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து நின்றீர்கள்.

"என்ன சொன்னாரு?" என்றார் உம்மா.

"பெருநாளைக்கு ரெண்டு முக்காடு வாங்கிக்கச் சொன்னாரு. ரூமுக்கு ஒண்ணு."

"அப்படின்னா?" என்றேன். மருதாணிக் கையை நீட்டியபடியே எழுந்துவிட்டேன்.

"அப்படின்னா இருக்கேன்ளா."

கூடத்திலிருந்து வாப்பா, "உறுதியாயிடுச்சு! நம்ம ஊருக்கும் நாளைக்குத்தான்!" என்று கத்தினார். நான் கட்டிப்பிடித்ததில் உங்கள் சட்டையில் என் மருதாணி அப்பியது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

பெருநாள் முடிந்து நாம் இரண்டு பேரும் தேராக் கடைத்தெருவுக்குப் போய் முக்காடுகளைத் தேர்ந்தெடுத்தோம். சுத்த அறைக்கு நீலம், பிரதி அறைக்குப் பழுப்பு. பழுப்பு உங்களுக்குப் பொருந்தவில்லை என்று நான் சொன்னேன். "அந்த ரூமுக்குள்ள என்ன யாரு பாக்கப்போறா?" என்றீர்கள். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் சுத்த அறைக் கதவருகே ஒரு வரிசை ஆணி அடித்தார்களாம். நாடாக்கள், தொப்பிகள், முக்காடுகள், எல்லாம் ஒன்றாகத் தொங்குமாம். அந்த ஆணி வரிசையைப் பற்றிச் சொல்லும்போது உங்களுக்கு இருந்த பெருமையை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில், ராஸ் அல் கைமாவில் ஹிபாவின் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு, காலையில் நேராக வேலைக்குத் திரும்பும்போது, பனிமூட்டத்தில் உங்கள் கார் மோதியது. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அடக்கத்துக்கு உங்கள் சார் வந்திருந்தார் என்று வாப்பா சொன்னார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், ஆனால் கழுத்தில் அட்டை இல்லை, கழற்றி எங்கோ மாட்டிவிட்டு வந்திருக்கிறார் என்றும் சொன்னார். வாப்பா எப்போதும் இப்படித்தான், சாட்சியைக் கவனமாகப் பார்ப்பார்.

கொஞ்ச நாள் கழித்து ஹிபா உங்கள் சாமான்களைக் கொண்டு வந்தார். இரண்டு முக்காடுகளும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் தனித்தனியாக மூடியிருந்தன. "சேர்த்து வைக்காதே, அவள் திட்டுவாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அழுதார்.

உங்களிடம் சில செய்திகள் சொல்ல வேண்டும். பள்ளி வேதியியல் வகுப்பில் எதைச் சோதித்தாலும் நான் ஒரு குழாயை வெறுமையாக வைக்கிறேன். "இது எதுக்கு?" என்று மிஸ் கேட்டார். "இருக்கட்டும் மிஸ், இதுவும் பேசுதான்னு பாக்கணும்" என்றேன். யாராவது ஒரு செய்தியை ஓடி வந்து சொன்னால், அது நடக்காமல் இருந்திருந்தாலும் இவர்கள் இதையேதான் சொல்லியிருப்பார்களோ என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். வாப்பாவும் மாறிவிட்டார். இப்போது பிறை விசாரணையில் கடைசியாக, "சரி, பார்க்காதவன் ஒருத்தனக் கூப்பிடு, அவன்கிட்டயும் பேசணும்" என்கிறார். ஊரில் அவருக்கு யாரும் போனை எடுப்பதில்லை.

நீல முக்காட்டை நான் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். அது என் அலமாரியில் இருக்கிறது. பழுப்பு, பையைப் பிரிக்காமல், உம்மாவின் அறையில். ரமலான் வரப்போகிறது என்று உம்மா வீட்டைச் சுத்தம் செய்தபோது, "ரெண்டையும் துவைச்சு ஒண்ணா மடிச்சு வைக்கவா?" என்று கேட்டார். "ஒண்ணா கூடாது உம்மா" என்றேன். உம்மா பையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

இன்று லிஃப்டிலிருந்து வந்ததும் நீல முக்காட்டைக் கழற்றி என் அலமாரியில் வைத்துவிட்டு உம்மாவின் அறைக்குப் போனேன். முதல் தடவையாகப் பையைத் திறந்து, பழுப்பு முக்காட்டை முகத்தில் வைத்து, தலையிலும் போட்டுக்கொண்டேன். பகூர் இருந்தது. கொஞ்சம் பிளீச்சும் இருந்தது. பிறகு நீங்கள் சொன்ன முறைப்படி எல்லாம் செய்தேன். பையை மூடினேன், கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன், யூனிஃபார்மை மாற்றினேன், காலுறையைக்கூட மாற்றினேன். அப்புறம்தான் என் அறைக்கு வந்தேன். உங்கள் கட்டிலில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

உம்மா தேநீர் கொண்டுவந்தார். கோப்பையை வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் உச்சந்தலையில் முகத்தை வைத்து முகர்ந்தவர், நெடுநேரம் எடுக்கவில்லை.

முடியை நான் மாற்றவில்லை சாச்சி.

உங்கள் பக்கத்துக் கட்டில்காரி